தொரப்பள்ளிக்கு ஒரு குளிர்காலப் பிரயாணம்

தமிழ்நாட்டில் குளிர் எங்கே இருக்கிறது என்று கேட்டால், உதகமண்டலம், கொடைக்கானல், ஏற்காடு என்று பள்ளிக்கூடத்துக் குழந்தைகூட விரல் விட்டுச் சொல்லிவிடும். ஓசூரை யாரும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஓசூர் என்றால் தொழிற்சாலைகள்தாம் நினைவுக்கு வரும். லாரிக்கு அசோக் லேலண்ட், மோட்டார் சைக்கிளுக்கு டி.வி.எஸ்., கைக்கடிகாரத்துக்கு டைட்டன் என்று பெரிய ஆலைகளும், அவற்றைச் சுற்றிச் சின்னச் சின்ன லேத்துப் பட்டறைகளுமாக அந்த ஊர் வளர்ந்துவிட்டது. ஆனால் ஓசூர் இருப்பது கடல் மட்டத்துக்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில். நம் பழைய கணக்கில் ஏறக்குறைய மூவாயிரம் அடி! அந்த நாளில் வெள்ளைக்காரத் துரைமார்கள் இதைக் 'குட்டி இங்கிலாந்து' என்று கொண்டாடினார்களாம். மார்கழி விடியலில் அங்கே மூடுபனி இறங்கினால், முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. பொங்கல்வரைக்கும் மின்விசிறியைச் சுழலவிட்டுத் தூங்குகிற சென்னைவாசிகளுக்கு அந்தக் குளிர் தாராளமாகப் போதும்.

அந்த ஓசூருக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது தொரப்பள்ளி. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் இன்னொரு தொரப்பள்ளி உண்டு. முதுமலைக்குப் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். நான் சொல்வது அதுவல்ல. 1878-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 10-ஆம் தேதி ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி. அவருடைய தகப்பனார் சக்கரவர்த்தி ஐயங்கார் இந்தக் கிராமத்தின் முன்சீப்பாக இருந்தவர். சுதந்தர இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக 1948 முதல் 1950 வரை டில்லி மாளிகையில் வீற்றிருந்தவர் கண் விழித்த முதல் ஊர், இன்றைக்கும் ஒரு சின்னக் கிராமம்தான்.

அங்கே போக வேண்டும் என்று ஆசைப்பட்டது நான் அல்ல, என் மாமியார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. ராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' கல்கியில் வாராவாரம் வந்துகொண்டிருந்தபோது, அவருடைய தாயார் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பாராம். அக்கம்பக்கத்துப் பெண்மணிகள் கூடிக் கேட்பார்களாம். "ராமாயணத்தை எனக்கு முதலில் சொன்ன மனுஷர் அவர். அவர் பிறந்த வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும்" என்று அத்தை பல வருஷங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் அவருக்கு இழுப்பு உள்ள உடம்பு. "போய் வாருங்கள், குளிர்காற்று மட்டும் ஆகாது" என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

"காரில்தான் ஹீட்டர் இருக்கிறதே, அம்மா!" என்று என் கணவர் தைரியம் சொன்னார்.

இருக்கத்தான் இருந்தது. முந்திய வருஷம் பழைய காராக வாங்கிய வண்டி அது. வாங்கிய நாளிலிருந்து சென்னையை விட்டு வெளியே போனதில்லை. சென்னையில் காரின் ஹீட்டர் என்பது பரணில் கிடக்கிற ஸ்வெட்டர் மாதிரி. அது இருக்கிறது என்று தெரியும். எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது!

கிருஷ்ணகிரியில் உறவினர் வீட்டில் இரவு தங்கிவிட்டு, காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் ஐம்பது கிலோமீட்டர். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை போகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. வழியெல்லாம் ஏற்றம், ஓசூர் போய்ச் சேருவதற்குள் நன்றாகவே உயரம் ஏறிவிடுகிறோம். ஏற ஏறக் குளிரும் கூடிக்கொண்டே வந்தது. என் கணவர் ஹீட்டரின் குமிழைச் சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பினார். காற்று நன்றாகத்தான் வந்தது. ஆனால் சூடு? வெந்நீர் கேட்ட விருந்தாளிக்கு வெயிலில் வைத்த தண்ணீரைக் கொடுத்தாற்போல் ஒரு வெதுவெதுப்பு. பத்து நிமிஷம், இருபது நிமிஷம் ஆயிற்று, அதே வெதுவெதுப்புத்தான்.

அத்தை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இரண்டு தடவை இருமினார். மூன்றாவது தடவை இருமியபோது மூச்சில் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. மருந்து கைப்பையில் இருந்தது. உடனே உறிஞ்சக் கொடுத்தேன். சற்று நேரத்தில் தணிந்தது. என்றாலும் என் வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏனென்றால், இனி வரப்போவது சானமாவுக் காடு. கேழ்வரகு விளைகிற குளிர்காலத்தில் கர்நாடகப் பக்கத்திலிருந்து யானைக்கூட்டம் வந்து தங்கும் காடு அது. இரவிலும் விடியலிலும் யானைகள் நெடுஞ்சாலையையே குறுக்கே கடப்பதுண்டு. மூடுபனியில், இழுப்புக்காரப் பாட்டியையும் ஏழு வயதுப் பெண்ணையும் வைத்துக்கொண்டு, அங்கே வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது?

"சூளகிரியில் நிறுத்திவிடுங்கள். விடிந்த பிறகு போகலாம்" என்றேன்.

ஹீட்டருக்குள் அடுப்பு இல்லை

சூளகிரி ஏறத்தாழப் பாதி வழி. சாலை ஓரத்தில் ஒரு டீக்கடை. அதற்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் பட்டறை. பட்டறைக்காரர் நடுத்தர வயது மனிதர். குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். பையனிடம் தெலுங்கிலும், டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவரிடம் கன்னடத்திலும், எங்களிடம் தமிழிலும் தடங்கல் இல்லாமல் பேசினார். எல்லைப்புறத்து ஊர்களுக்கே உரிய சொத்து அது!

"ஹீட்டர் கெட்டுப்போச்சுப்பா" என்றார் என் கணவர்.

"ஹீட்டர்லே கெட்டுப்போக அதிகமா ஒண்ணும் இல்லே, சார். அதுக்குள்ளே அடுப்பா எரியுது?" என்று சிரித்தார் அவர்.

அப்புறம் அவர் சொன்ன விவரத்தை, நம் வீட்டுப் பாஷையில் சொல்கிறேன். எஞ்சினில் எரிகிற பெட்ரோலின் சக்தியில் பெரும்பகுதி வண்டியை ஓட்டப் பயன்படுவதில்லை. வெறும் உஷ்ணமாகப் போய்விடுகிறது. அந்த உஷ்ணம் எஞ்சினையே உருக்கிவிடாமல் இருப்பதற்காக, அதைச் சுற்றி ஓயாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது. சூடேறிய தண்ணீர் வண்டியின் முன்பக்கத்து ரேடியேட்டருக்குப் போய்க் காற்றில் ஆறி, மறுபடி எஞ்சினுக்குத் திரும்புகிறது. அந்த வெந்நீரில் கொஞ்சத்தை இரண்டு ரப்பர்க் குழாய்கள் மூலம் டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டருக்குத் திருப்பிவிடுகிறார்கள். அதன்மேல் ஒரு விசிறி காற்றை ஊதுகிறது. இவ்வளவுதான் ஹீட்டர்! குளியலறைப் பாய்லரில் மிஞ்சிய வெந்நீரைச் சமையலறைக்கு எடுத்துக்கொள்வது மாதிரி. பாய்லரில் தண்ணீரே சுடவில்லை என்றால், சமையலறைக் குழாயைக் குறை சொல்லி என்ன பயன்?

ஆகவே, ஹீட்டர் வெதுவெதுப்பாக ஊதினால் அது குளிருக்குச் சௌகரியக் குறைவு என்பதோடு முடிந்துவிடும் விஷயம் அல்ல. எஞ்சினைச் சுற்றி ஓடுகிற தண்ணீரைப் பற்றி அது நமக்கு அனுப்புகிற தந்தி!

தொட்டுப் பார்த்துச் செய்த வைத்தியம்

பட்டறைக்காரர் நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியர் மாதிரிதான் வேலை செய்தார். முதலில் வண்டிக்குள் தலையை நீட்டி, எஞ்சின் உஷ்ணத்தைக் காட்டும் முள்ளைப் பார்த்தார். இருபத்தைந்து கிலோமீட்டர் ஏற்றத்தில் வந்த வண்டியில் முள் நடுவில் நிற்க வேண்டும். அது அடியிலேயே படுத்துக் கிடந்தது. பிறகு எஞ்சினை நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, தண்ணீர் நிற்கும் பிளாஸ்டிக் டப்பாவை வெளியிலிருந்தபடியே பார்த்தார். கோடு வரைக்கும் இருந்தது. ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே இல்லை.

"சூடா இருக்கறப்போ மூடியைத் திறக்கவே கூடாதும்மா. குக்கர்லே ஆவி இருக்கறப்போ மூடியைத் திறந்தா என்ன ஆகும்?" என்றார். நமக்கு இதைவிட விளக்கம் வேண்டுமா, என்ன?

அடுத்தபடியாக, ஹீட்டருக்குப் போகிற குழாயையும், அதிலிருந்து திரும்பி வருகிற குழாயையும் தொட்டுப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பு. அப்படியானால் அடைப்பு எதுவும் இல்லை. தண்ணீர் நன்றாகத்தான் ஓடுகிறது. ஓடுகிற தண்ணீருக்குத்தான் சூடு போதவில்லை.

"டீ குடிங்க. வண்டி ஆறட்டும்" என்றார்.

அரை மணி நேரம் கழித்து மறுபடி எஞ்சினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல்குழாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "பாருங்க சார், இப்பவே இந்தக் குழாய் கொஞ்சம் கொஞ்சமாச் சூடாகுது. ஆகக் கூடாது. எஞ்சின் நல்லாச் சூடாகற வரைக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணியே போகக் கூடாது. போக விடாம நிறுத்தறதுக்கு நடுவிலே ஒரு தெர்மோஸ்டாட் இருக்கும். இந்த வண்டியிலே அது திறந்தபடியே மாட்டிக்கிட்டிருக்கணும். இல்லே, யாரோ கழட்டி எறிஞ்சிருக்கணும்."

"அதென்ன ஸ்டாட்டு, தம்பி?" என்று கேட்டார் அத்தை, டீத் தம்ளரை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

அவர் தம் பட்டறையிலிருந்து பழையது ஒன்றை எடுத்து வந்து காட்டினார். உள்ளங்கையில் அடங்குகிற பித்தளைச் சாமான். அதன் நடுவில் ஒரு சிமிழ். சிமிழுக்குள் ஒரு வகை மெழுகு அடைத்திருக்கிறது. தண்ணீர் ஏறக்குறைய 82 முதல் 90 டிகிரி வரை சூடாகும்போது, மெழுகு உருகிப் பருத்து, ஒரு சின்னக் கதவைத் தள்ளித் திறக்கிறது. சூடு குறைந்தால் மெழுகு சுருங்கும். ஸ்பிரிங் கதவைச் சாத்திவிடும். மின்சாரம் இல்லை, ஆள் வேண்டாம். மெழுகே காவல்காரன்!

"அட, உஷ்ணம் பார்த்துத் திறக்கிற கதவு! 'உஷ்ணக் கதவு' என்று சொன்னால் எனக்கும் புரியுமே!" என்றார் அத்தை.

இந்தக் கதவை ஏன் கழற்றி எறிய வேண்டும்? நம் ஊர்ப் பட்டறைகளில் அது ஒரு பழைய வழக்கமாம். வெயில் காலத்தில் எஞ்சின் கொதித்தால், காரணத்தைத் தேடிக்கொண்டிராமல், "இந்தச் சூட்டு தேசத்துக்கு இது எதற்கு?" என்று கதவையே எடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியே ஓடுவதால் எஞ்சின் கொதிப்பது தற்காலிகமாக நிற்கலாம். ஆனால் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டை எட்டுவதே இல்லை. சூடேறாத எஞ்சின் பெட்ரோலை அதிகம் குடிக்கும், சீக்கிரம் தேயும். சென்னையில் இது யாருக்கும் தெரியாது. மார்கழியில் மேட்டுப் பூமி ஏறும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது.

"ஒரு வருஷமாகப் பெட்ரோல் செலவு கூடுதல் என்று புலம்பினாயே, இதுதானா?" என்று அத்தை மகனைப் பார்த்துக் கேட்டார். அவர் டீயில் மும்முரமாக ஈடுபட்டிருந்தார்!

சூளகிரியில் எங்கள் வண்டிக்கு ஏற்ற சாமான் கிடைக்கவில்லை. ஓசூர் போய்த்தான் மாற்ற வேண்டும். அதுவரைக்கும் ஒரு கைவைத்தியம் செய்தார். கெட்டியான அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி, ரேடியேட்டருக்கு முன்னால் பாதியை மறைத்துக் கட்டினார். குளிர்காற்று படுவது பாதியாகக் குறைந்தால், தண்ணீர் ஆறுவதும் குறையும் அல்லவா? "முள்ளைப் பார்த்துக்கிட்டே போங்க. நடுவைத் தாண்டினா நிறுத்தி அட்டையை எடுத்துடுங்க. வெயில் வந்ததும் எப்படியும் எடுத்துடணும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

ஏழு மணி சுமாருக்குப் பனி விலகியது. புறப்பட்டோம். சானமாவுக் காட்டைப் பகல் வெளிச்சத்தில் கடந்தோம். யானை ஏதும் தென்படவில்லை என்று என் பெண்ணுக்கு மட்டும் வருத்தம். முள் மெள்ள மெள்ள எழுந்து நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. ஹீட்டரிலிருந்து காற்று இதமாக வந்தது. அத்தை சால்வையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, ஜன்னல் வழியே வயல்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

வேறு வண்டி, வேறு நோவு

எல்லா வண்டிக்கும் நோவு ஒன்றாகவே இருக்காது. பட்டறைக்காரரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் குறைந்திருந்தால் குழாய்களில் காற்று புகுந்துகொள்ளும். டாஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம் கேட்கும். சூடு வருவதும் போவதுமாக இருக்கும். இது அபாயமான அறிகுறி. எஞ்சின் கொதிப்பதற்கு முந்திய கட்டம் அது. தண்ணீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே போகக் கூடாது.

ஹீட்டர்க் குழாய்கள் இரண்டில் ஒன்று சுட்டு, மற்றொன்று ஆறியிருந்தால், உள்ளேயிருக்கும் குட்டி ரேடியேட்டரில் அடைப்பு. போர்வெல் தண்ணீரை ஊற்றி ஊற்றி வந்த வினை. வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதேதான் அந்த மெல்லிய குழாய்களிலும் படிகிறது. கம்பெனிக்காரர்கள் சொன்ன கூலண்டையே ஊற்ற வேண்டும்.

இரண்டு குழாயும் நன்றாகச் சுட்டும் காற்று மட்டும் சுடவில்லையா? சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கிற ஒரு பலகை உள்ளே இருக்கிறது. அது சிக்கிக்கொண்டிருக்கும். வண்டி ஓடும்போது சூடும், நின்றால் குளிருமாக இருந்தால், தண்ணீர் குறைவு அல்லது தண்ணீரைச் சுற்றவிடுகிற பம்பில் பழுது. காற்றே சரியாக வரவில்லை என்றால், காற்றை வடிகட்டும் பில்டரில் தூசி அடைத்திருக்கும். மின்சாரக் காரில் எஞ்சினும் இல்லை, வெந்நீரும் இல்லை. அங்கே பாட்டரிதான் சூட்டையும் தர வேண்டும். ஆகவே ஹீட்டர் போட்டால் வண்டி போகும் தூரம் குறையும்.

தாய்மார்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை மூன்று. கூலண்டு தித்திப்பாக இருக்கும். ஆனால் பெரும்பாலானவை விஷம். மிச்சம் உள்ள டப்பாவைக் குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வையுங்கள். காருக்குள் தித்திப்பான வாசனை அடித்தாலும், முன்சீட்டின் காலடி மிதியடி ஈரமானாலும் உடனே பட்டறைக்குப் போங்கள். எஞ்சின் நின்ற பிறகும் முன்விசிறி தானாகவே சுழலக்கூடும். புடவைத் தலைப்பையும் பின்னலையும் பானெட்டுக்குள் தொங்கவிடாதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு, நிற்கிற காருக்குள் கதவைச் சாத்தித் தூங்கவே கூடாது. வாசனையே இல்லாத விஷப் புகை உள்ளே சேர்ந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

ராஜாஜி பிறந்த வீடு

நெடுஞ்சாலையை விட்டுக் கிளைச் சாலையில் திரும்பினால், தொழிற்சாலைகளின் இரைச்சல் பின்தங்கிவிடுகிறது. தென்பெண்ணை ஓடுகிற வட்டாரம் இது. ராஜாஜி பிறந்த வீட்டை அரசாங்கம் நினைவு இல்லமாகப் பாதுகாத்து வருகிறது. பெரிய மாளிகையை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். எளிய வீடு; சுவரில் அவர் வாழ்க்கைப் படங்கள். ஐந்து வயதில் குடும்பம் ஓசூருக்குப் போய்விட்டது. ஓசூர்ப் பள்ளிக்கூடம், பெங்களூர்க் கல்லூரி, சென்னைக் கல்லூரி, பிறகு சேலத்தில் வக்கீல் தொழில் என்று அவர் வாழ்க்கை விரிந்துகொண்டே போயிற்று.

அந்த அறையில் நிற்கும்போது, சூளகிரிப் பட்டறை எனக்கு ஞாபகம் வந்தது. காரணம் இருக்கிறது. ராஜாஜி என்றால் அரசியலும் ராமாயணமும் மகாபாரதமுமே நமக்குத் தெரியும். சேலத்தில் வக்கீலாக இருந்த காலத்தில், 1916-ல், சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கம் ஏற்படுத்தியவர் அவர். ரசாயனம், பௌதிகம், தாவர சாஸ்திரம், வான சாஸ்திரம், கணிதம் எல்லாவற்றுக்கும் சொல் தேடினார்கள். 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமே எழுதினார். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தமிழில் ரசாயனத்தைச் சொல்ல முடியும் என்பது அவருடைய தீர்மானம்.

இதை அத்தையிடம் சொன்னேன்.

"அப்படியானால் என் 'உஷ்ணக் கதவை'யும் அந்தச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டிருப்பாரா?" என்று கேட்டார். பிறகு படங்களுக்கு முன்னால் வெகுநேரம் பேசாமல் நின்றார். மூச்சு சீராக இருந்தது.

மத்தியானம் ஓசூரில் வண்டியை விட்டோம். கழற்றிப் பார்த்ததில், கதவு இருக்க வேண்டிய இடம் காலி! புதிய தெர்மோஸ்டாட் வைத்து, பழைய தண்ணீரை வடித்துக் கூலண்டு ஊற்றி, குழாய்களில் தங்கிய காற்றையும் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு நல்ல பட்டுப் புடவையின் முந்தானைக்குக்கூடக் காணாது, அதற்கு ஆன செலவு.

குளிர்காலத்தில் நீங்களும் அந்தப் பக்கம் போவதானால், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக, சென்னை வெயிலிலேயே ஒரு தடவை ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். வியர்த்துக் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால், ஊரிலேயே பார்த்துச் சரி செய்துகொண்டு கிளம்புங்கள். சானமாவுக் காட்டை வெளிச்சத்தில் தாண்டுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் அழைத்துப் போங்கள். அந்தச் சின்ன வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வதற்கு அவர்களிடம் கதை நிறைய இருக்கும்.